கல்லுவாய்

அந்த "ஓம்" தன் வாயிலிருந்து வந்தபோது குகதாசன் அதை ஒரு பொய் என்று நினைக்கவில்லை. நல்ல வெயில் நேரம். வந்திருந்த பிள்ளை காலையிலிருந்து ஏணியில் ஏறி இறங்கி, கூரை வளைகளைத் தட்டிப் பார்த்து, சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிச் சின்னப் பைகளில் போட்டு, முகமெல்லாம் தூசியாக நின்றாள். தக்சாயினி என்று பெயர். பழைய கட்டடங்களைத் திருத்திப் பேணுவதற்கு அரசாங்கம் குறைந்த வட்டியில் கொடுக்கும் கடனுக்கு எந்த வீடு தகுதி என்று பார்த்துப் புள்ளி போடும் உத்தியோகத்தர். அறுபது புள்ளி வேண்டும். வீடு முழுக்கச் சுற்றி முடித்தபோது அவளுடைய தாளில் ஐம்பத்துநான்குதான் இருந்தது. அதைச் சொல்ல மனம் வராமல், மதிலையும் ஒருக்கால் அளந்துவிடுவோம் என்று மதிலை ஒட்டிய சின்னத் தெருவான ஒழுங்கைக்கு இறங்கியவள், அங்கேயே நின்று கூப்பிட்டாள்.

"ஐயா, இஞ்சை ஒருக்கா வாங்கோ. உது என்ன?"

மதிலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியை மாட்டின் வாய்போலச் செதுக்கியிருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அது அங்கேதான் இருக்கிறது.

"தண்ணி வாறதோ இதுக்குள்ளாலை? வழிப்போக்கருக்குத் தர்மத்துக்கு வைச்சதோ?"

"ஓம்," என்றார் குகதாசன்.

பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பதாம் கேள்வி என்று ஒன்று இருந்ததாம்: பொதுமக்களோடு கட்டடத்துக்கு இருந்த தொடர்பு. அதற்கு எட்டுப் புள்ளி. அவள் அங்கேயே ஒழுங்கையில் நின்று, மதிலில் தாளை வைத்து எழுதினாள். "அறுபத்திரண்டு! எனக்குத் தெரியும் ஐயா, உப்பிடி ஒரு வீட்டிலை ஏதாவது இருக்கும் எண்டு. உள்வாய் அடைபட்டுக் கிடக்கு. அதைத் துப்புரவாக்கி வையுங்கோ. தண்ணி வந்தால்தான் நான் புள்ளி போடலாம். பிறகு இந்தக் கல்லின்ரை வரலாற்றை ஒரு பக்கத்திலை எழுதி, வீட்டு ஆக்கள் இல்லாத ரெண்டு பேரிட்டைக் கையெழுத்து வாங்குங்கோ. ஊரிலை பிறந்து வளர்ந்த பழைய ஆக்கள் வேணும்."

"பழைய ஆக்கள் எங்கை பிள்ளை இருக்கினம்? எல்லாரும் கனடாவிலை."

"ஏன், பொன்மலர் ரீச்சர் இருக்கிறாவெல்லோ! எனக்கு ஐஞ்சாம் வகுப்பு படிப்பிச்சவ. ஊரிலை அவவுக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

அவள் ஸ்கூட்டியில் ஏறிப் போனபிறகும் குகதாசன் ஒழுங்கையில் நின்றார்.

*

வீடு அவருடையது அல்ல. சிவகௌரிக்குச் சீதனமாக வந்த வீடு. அவள் போனபிறகு மகள் கஜந்தினியுடையது. நடுவில் முற்றம் விட்டு நான்கு பக்கமும் கட்டிய நாற்சார் வீடு. அச்சுவேலியில் அந்த மாதிரி இப்போது மூன்றோ நான்கோதான் மிச்சம். கிழக்குப் பக்கத்து அறையில்தான் சிவகௌரி ஏழு மாதம் படுத்திருந்தாள். கூரை ஒழுகியது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வாளி வைத்திருந்தார். "ஓடு மாத்த வேணுமப்பா" என்று அவள் சுகமாக இருந்த காலத்திலேயே ஒவ்வொரு மாரியிலும் சொன்னாள். "வாற வருசம் பாப்பம்" என்று அவரும் ஒவ்வொரு மாரியிலும் சொன்னார். தை மாதம் ஒரு காலையில் அவள் மூச்சு நின்றபோதும் வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்த சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பின்னர் அந்தப் பக்கத்துக் கூரைக் கைமரங்கள் இரண்டு இறங்கிவிட்டன. இன்னொரு மாரியை அந்த அறை தாங்காது.

"இடிச்சுப்போட்டு சின்னதா ஒரு பிளாற் வீடு கட்டுவம் அப்பா," என்று கஜந்தினி ரொறன்ரோவிலிருந்து சொன்னாள். "அதுக்கு எண்டா நான் காசு அனுப்புவன். உந்தப் பழசுக்கு ஆர் காசு போடுறது?"

அவர் ஓய்வுபெற்ற உப தபால் அதிபர். வரும் ஓய்வூதியத்துக்கு எந்த வங்கியும் அவ்வளவு பெரிய தொகை தராது. நூற்றுக்கு மூன்று வட்டியில், பதினைந்து வருடத்தில் கட்டலாம் என்ற இந்த அரசாங்கக் கடன் ஒன்றுதான் வழி. எண்பத்தைந்து வயதுவரை தான் இருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். மகளை மன்றாடி, அவளுக்காகக் கையெழுத்து வைக்கும் அற்றோணித் தத்துவம் எடுத்திருந்தார். அந்த அறையின் கூரையை ஒருதடவையாவது ஒழுகாமல் பார்த்துவிடவேண்டும். வேறு ஒரு ஆசையும் அவருக்கு மிச்சம் இல்லை.

கல்லுவாய் தர்மத்துக்கு வைத்தது அல்ல என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த வீட்டுக் கிணற்றில் அள்ளக்கூடாதவர்கள், படலைக்குள் வரக்கூடாதவர்கள், வீட்டுப் பேணியில் வாய் வைக்கக்கூடாதவர்கள் என்று ஊரிலே சிலரை வைத்திருந்தார்கள். தோட்டத்தில் மிளகாய் பிடுங்கவும் புகையிலைக்குத் தண்ணீர் கட்டவும் அவர்கள் வேண்டும். அவர்களுக்குத் தாகமும் எடுக்கும். அதற்காகத்தான் அந்தக் கல். மதிலுக்கு உட்பக்கம் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கல்குழி. அதில் தண்ணீரை ஊற்றினால் மதிலுக்குள்ளால் சரிந்து போய் ஒழுங்கைப் பக்கம் விழும். அங்கே நிற்பவர் குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் குடிப்பார். ஊற்றுகிறவருக்குக் குடிக்கிறவரின் முகம் தெரியாது. அதைக் கட்டியவர் அதையும் யோசித்துத்தான் கட்டியிருக்கவேண்டும்.

உள்வாயை அடைத்தது சிவகௌரி.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அவர்களும் நடந்தார்கள். குகதாசன், சிவகௌரி, ஐந்து வயதுக் கஜந்தினி, சிவகௌரியின் தாயான மாமி. கொடிகாமத்தில் பள்ளிக்கூடங்கள் நிரம்பி, மரங்களுக்குக் கீழும் இடம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். மழை வேறு. வீதியோரத்தில் நின்றவர்களைப் பொன்மலர் ரீச்சர்தான் கண்டார். அவரும் அச்சுவேலியிலிருந்து ஓடிவந்து கொடிகாமத்தில் தங்கையின் வீட்டில் இருந்தார். கூட்டிக்கொண்டுபோய் விறாந்தையைக் கொடுத்தார். பதினொரு நாள். அவர்களுடைய பானையில் சமைத்ததைத் தின்று, அவர்களுடைய குடத்தில் அள்ளியதைக் குடித்தார்கள். மாமியும் குடித்தார். சாதியைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு கொட்டில் கிடைத்துப் போகும்போது, பாரமாக இருந்த றங்குப்பெட்டி ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் சித்திரையில் ஊருக்குத் திரும்பிச் சில நாள்களில், மத்தியான வெயிலில் பொன்மலர் ரீச்சர் சைக்கிளின் கரியரில் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு படலையடியில் வந்து இறங்கினார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவிழ்த்துக் காட்டிக் கட்டியிருக்கிறார். பெட்டிக்குள்ளே வீட்டின் உறுதிப் பத்திரம் இருந்தது. "உறுதி கிடந்தது. அதுதான் நானே கொண்டு வந்தனான்," என்றார். பிறகு, "கொஞ்சம் தண்ணி தாங்கோவன்," என்றார்.

சிவகௌரி உள்ளே போய்ப் பேணியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். மாமி முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். குகதாசன் எட்டிப் போய் மனைவியின் கையிலிருந்த பேணியை வாங்கினார். "மாமி பாக்கிறா," என்று மெல்லச் சொன்னார். பேணியைத் தூணடியில் வைத்துவிட்டு, செம்பை எடுத்து, கல்குழிக்குப் போனார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஊற்றினார்.

சிவகௌரி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், எங்கேயோ கேட்டு வாங்கிவந்த அரைப் பை சீமெந்தைத் தானே குழைத்து, மதிலின் இரண்டு பக்கத்தாலும் அடைத்து, கல்குழிக்கு மேலே ஒரு பூச்சாடியை வைத்தாள். மாமி கத்தினார். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சீமெந்தைத்தான் குகதாசன் இப்போது உடைத்தார். பூச்சாடியைத் தூக்கி ஓரமாக வைத்து, அலவாங்குக் கம்பியின் நுனியால் குத்தினார். சிவகௌரி கைவிரலால் அமத்திய தடங்கள் சீமெந்தில் நாலைந்து இருந்தன. அவற்றைப் பார்த்தபிறகும் குத்தினார். கூரைக்காகத்தான், உன்ரை அறைக்காகத்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே குத்தினார். ஒரு மணித்தியாலத்தில் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

*

வரலாற்றை அன்றே எழுதினார். முப்பத்திரண்டு வருடம் தந்தியும் பதிவுத் தபாலும் எழுதிய கை. எழுத்து ஓடியது. "இவ்வீட்டின் மதிலில் அமைந்துள்ள கல்வாய், ஒழுங்கையால் செல்லும் வழிப்போக்கர்களின் தாகம் தீர்க்கும் பொருட்டு வீட்டாரால் தர்மசிந்தையோடு அமைக்கப்பட்டதாகும். சாதி சமய வேறுபாடின்றி எவரும் இதில் நீர் அருந்தினர்." இரண்டாவது வசனத்தை ஒருவரும் கேட்கவில்லை. முதல் வசனம் எழுதி முடிந்த வேகத்தில் அது தானாக வந்துவிட்டது.

முதல் கையெழுத்துக்குக் கோயில் தர்மகர்த்தா இராசநாயகத்திடம் போனார். அவர் கண்ணாடியைத் தேடவே இல்லை.

"உதிலை வாசிக்க என்ன கிடக்கு? தர்மம் எண்டால் தர்மம்தான். லண்டனிலை இருந்து பேரனும் உதுகளைத்தான் கேட்டு எழுதுறான். நாங்கள் ஊருக்கே தண்ணி குடுத்த ஆக்கள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்." சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். "கடன் சரிவந்தால் எனக்கும் சொல்லும். என்ரை வீட்டிலையும் தேடினால் ஏதாவது தர்மம் கிடைக்கும்."

குகதாசனும் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்த பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

பொன்மலர் ரீச்சரிடம் போவதை ஒரு கிழமை தள்ளிப்போட்டார். அவருடைய வீடு சேர்ச்சுக்குப் பின்னால். ஐந்து நிமிட நடை. அவ்வளவு காலத்தில் ஒரே ஒருதடவைதான் அங்கே போயிருக்கிறார், ரீச்சரின் தாய் செத்தபோது. அன்றைக்கும் படலையடியோடு நின்று திரும்பிவிட்டார். இன்று படலையைத் திறந்து உள்ளே போனார்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் வரவு இடாப்பை மடியில் வைத்துக்கொண்டு ரீச்சர் விறாந்தையில் இருந்தார். அறுபத்தாறு வயதிலும் நிமிர்ந்த முதுகு.

"வாங்கோ போஸ்ற்மாஸ்ரர். என்ன இந்தப் பக்கம்? தொலைஞ்ச காயிதம் ஏதும் ஆப்பிட்டதோ?"

"சும்மா... ஒரு கையெழுத்து விசயமா ரீச்சர்."

"கையெழுத்தோ? இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டு வைப்பம். சீனி போடலாமோ உங்களுக்கு?"

"கொஞ்சம்."

சோசரோடு கோப்பை வந்தது. குகதாசன் எடுத்து மடமடவென்று குடித்தார். தான் குடிப்பதை ரீச்சர் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே குடித்தார். அப்படி நினைத்தது தனக்கே தெரிந்ததும் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார்.

"மெல்லக் குடியுங்கோ. சுடுமெல்லோ," என்றார் ரீச்சர்.

தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து வாசித்தார். முடித்ததும் இன்னொருதடவை முதலிலிருந்து வாசித்தார். ஐம்பது பிள்ளைகளின் கொப்பியைத் திருத்திய பெண்ணின் முன்னால் குகதாசன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"எழுத்து வடிவாய் இருக்கு. உந்தக் கடைசி வசனத்தை ஆர் எழுதச் சொன்னது? தக்சாயினியோ?"

"இல்லை... நான்தான்."

"நல்ல வசனம்." ரீச்சர் தாளை மடியில் வைத்தார். "என்ரை அம்மா உங்கடை மிளகாய்த் தோட்டத்திலை முப்பது வருசம் நிண்டவ. முப்பது வருசமா ஒரே ஒழுங்கையாலை போன வழிப்போக்கர் எண்டு பாத்தால் அவ ஒராள்தான்."

குகதாசன் கோப்பையைச் சோசரோடு தள்ளி வைத்தார்.

"போன கிழமை சேர்ச்சுக்குப் போகேக்கை பாத்தன். கல்லு திறந்திருக்கு."

"உத்தியோகத்தர் பிள்ளைதான் திறக்கச் சொன்னது. தண்ணி வர வேணுமாம். நாளைக்கு வந்து பாக்குமாம்."

"சிவகௌரி அடைச்சதெல்லோ அது. சீமெந்தும் கையுமா அவ ஒழுங்கையிலை குந்தியிருந்து அடைக்கேக்கை, எங்கடை வீட்டைத் துப்புரவாக்க வந்த நான் அதாலை போனனான். என்னைக் கண்டிட்டு எழும்பி நிண்டவ. ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. அண்டைக்குத் துவங்கினதுதான் எங்கடை சிநேகிதம். உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டா."

சொல்லவில்லை. மனைவியோடு நாற்பது வருடம் இருந்தவருக்கு அது தெரியாது. அவள் நோயில் படுத்திருந்த மாதங்களில் பொன்மலர் ரீச்சர் கிழமைக்கு இரண்டுதரம் வந்து கட்டிலடியில் இருந்துவிட்டுப் போனதை அவர் ஊர் முறைக்கு வருகிற வருகை என்றே நினைத்திருந்தார்.

"அந்த அறைக் கூரைதான் ரீச்சர்," என்றார். குரல் அவருக்கே கெஞ்சலாகக் கேட்டது. "இந்த மாரியைத் தாங்காது."

"தெரியும். நானும் அந்த வாளிகளை எடுத்து ஊத்தினனான்தானே." ரீச்சர் தாளை மடித்து அவரிடம் நீட்டினார். "நாளைக்குப் பிள்ளை வாறாளெல்லே? நானும் வாறன். இடத்திலை நிண்டு பாத்துக் கையெழுத்து வைக்கிறதுதான் முறை."

வைப்பேன் என்றும் சொல்லவில்லை, வைக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. குகதாசன் படலைவரை நடந்தபோது, ரீச்சர் வைத்துவிடவேண்டும் என்று மனது ஆசைப்பட்டது. வைத்துவிட்டால் அந்த முகத்தில் தான் எப்படி முழிப்பது என்றும் அதே மனது கேட்டது. இரண்டில் ஆசைதான் பலமாக இருந்தது.

*

மறுநாள் ஒன்பது மணிக்குத் தக்சாயினி வந்தாள். குடையை மடித்துக்கொண்டு பொன்மலர் ரீச்சரும் பின்னால் வந்தார். பிள்ளை ஓடிப்போய் ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரீச்சர், அப்பிடியே இருக்கிறியள்!"

"நீ மட்டும் என்ன? அண்டைக்கும் முகமெல்லாம் புழுதியோடைதான் வகுப்புக்கு வருவாய்."

கல்குழியைப் பார்த்து, துளைக்குள் ரோச் அடித்துப் பார்த்து, பிள்ளைக்கு ஒரே சந்தோசம். "தண்ணி விட்டுப் பாப்பம். ஐயா, நீங்கள் உள்ளுக்கு நிண்டு ஊத்துங்கோ. ரீச்சர், நீங்கள் ஒழுங்கைப் பக்கம் வாங்கோ. எப்பிடிக் குடிக்கிறது எண்டு கையை ஏந்திக் காட்டினால் நான் படம் எடுப்பன். விண்ணப்பக் கோவையிலை போட்டால் மேலை இருக்கிறவைக்கு உடனை விளங்கும்."

குகதாசன் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் அவரைப் பார்க்கவில்லை. "ஓம், வா," என்று பிள்ளையோடு படலைக்கு வெளியே போனார்.

குகதாசன் கிணற்றில் அள்ளி, செம்பில் நிறைத்துக்கொண்டு கல்குழியடிக்கு வந்தார். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அதே இடத்தில் நின்றார். மதில் அவருடைய கண்ணுக்கு மேலே நின்றது. அந்தப் பக்கத்தில் செருப்புச் சத்தம். "இன்னும் கொஞ்சம் குனியுங்கோ ரீச்சர், வெளிச்சம் முகத்திலை விழ வேணும்." பிறகு பொன்மலர் ரீச்சரின் குரல், துளைக்குள்ளால், காதடியில் சொல்வதுபோல வந்தது.

"ஊத்துங்கோ போஸ்ற்மாஸ்ரர்."

செம்பு சரிந்தது. கொஞ்சத் தண்ணீர் குழிக்குள் போய் உள்ளே இறங்கிய சத்தம் கேட்டது. அவருடைய கை நின்றுவிட்டது.

"பிள்ளை," என்றார். யாரையும் பார்க்காமல், முன்னால் இருந்த மதிலைப் பார்த்துச் சொன்னார். "உது தர்மத்துக்கு வைச்சதில்லை. நான் சொன்னது பொய். சாதி பாத்து வைச்சது. பேணியிலை குடுக்கக்கூடாது எண்டதுக்காக வைச்சது."

நிறுத்தினால் திரும்பத் தொடங்கமுடியாது என்று பயந்து அவர் தொடர்ந்தார். "ரீச்சர் எங்களைக் கொடிகாமத்திலை பதினொரு நாள் வைச்சுச் சோறு தந்தவ. எங்கடை வீட்டு உறுதியைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்து தந்தவ. தண்ணி கேட்டவ. சிவகௌரி பேணியிலை கொண்டந்ததை நான்தான் பறிச்சு வைச்சிட்டு இதுக்குள்ளாலை ஊத்தினனான். அதுக்குப் பிறகுதான் அவ அடைச்சவ. நான் கடனுக்காகத் திறந்திட்டன்."

சொல்லி முடிந்ததும் கூரை போய்விட்டது என்று நினைத்தார். எட்டுப் புள்ளி போனால் எல்லாம் போச்சு. போகட்டும். செம்பைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம், சரியாக ஒரு நிமிடம் இருக்கும், அவருடைய நெஞ்சு இலேசாக இருந்தது.

படலையால் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். பிள்ளையின் கமரா கழுத்தில் தொங்கியது. அவள் அழுகிறமாதிரி இருந்தாள்.

"ரீச்சர், நான் உங்களைக் குனியச் சொல்லி... நீங்கள் எங்களுக்கு ஒருநாளும் உதைச் சொல்லித் தரேல்லையே."

"ஐஞ்சாம் வகுப்புப் பாடத்திட்டத்திலை அது இல்லைப் பிள்ளை."

குகதாசன் ரீச்சரின் முன்னால் போய் நின்றார். இவ்வளவு காலமும் தன்னையே தேற்றிவந்த ஒரு நினைப்பு அவரிடம் இருந்தது: அன்றைக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சும்மா மண்ணில்தான் விழுந்திருக்கும், ரோசக்காரி, திரும்பிப் பாராமல் சைக்கிளில் ஏறிப் போயிருப்பார். அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"அண்டைக்கு நீங்கள் குடிச்சிருக்கமாட்டியள், ரீச்சர்," என்றார்.

"குடிச்சனான்." ரீச்சர் குடையைக் கைமாற்றிக்கொண்டார். "கொடிகாமத்துக்குத் திரும்பிச் சைக்கிள் உழக்க வேணும். தாகம் எண்டால் தாகம்தானே. ரெண்டு கையாலையும் ஏந்திக் குடிச்சனான். இன்னும் கொஞ்சம் வருமோ எண்டும் நிண்டு பாத்தனான். நீங்கள் உள்ளுக்குப் போட்டியள்."

குகதாசன் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். அவர் இருக்கவில்லை, ரீச்சர் நிற்கும்போது இருப்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. ரீச்சர் அந்தக் கதிரையை இழுத்து, அதில் தானே இருந்தார்.

"சரி," என்றார் ரீச்சர். "தாளை எடுங்கோ. பிழையை வெட்டிப்போட்டு எழுதுங்கோ."

அவர் எழுதினார். இந்த முறை எழுத்து ஓடவில்லை. 'இவ்வீட்டுக் கிணற்றில் அள்ளவும் பாத்திரத்தில் அருந்தவும் சாதியின் பேரால் அனுமதிக்கப்படாத தொழிலாளருக்கு, மதிலுக்கு வெளியே நீர் ஊற்றுவதற்காக அமைக்கப்பட்டது' என்று எழுதிக் காட்டினார். ரீச்சர் வாசித்தார்.

"'ஊற்றுவதற்காக.' ஆர் ஊத்தினது? தண்ணி தன்ரை பாட்டிலை வராதே."

குகதாசன் தாளை வாங்கி, 1996 சித்திரை என்று ஆண்டையும் மாதத்தையும் போட்டு, கடைசியாக ஊற்றியவர் என்று தன்னுடைய பெயரை எழுதினார். பிறகு கேட்காமலே, அதை அடைத்தவர் சிவகௌரி என்றும், அண்மையில் திறந்தவர் தான் என்றும் எழுதினார். பேனை தாளில் இரண்டு இடத்தில் குத்திவிட்டது.

தக்சாயினி அதை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்த் தன் அறிவுறுத்தல் புத்தகத்தைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு யாரோடோ போனில் மெல்லக் கதைத்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய குரல் மாறியிருந்தது, அலுவலகக் குரல்.

"ஐயா, கல்லை நாங்கள் தள்ள ஏலாது. ஒன்பதாம் கேள்வியிலை தர்மம் எண்டு எங்கையும் போடேல்லை. பொதுமக்களோடை இருந்த தொடர்பு எண்டுதான் இருக்கு. இதுவும் தொடர்புதான். சாட்சிக் கையெழுத்தோடை வந்தால் எட்டும் போடலாம் எண்டு மேலை சொல்லினம். தர்மகர்த்தா ஐயா வைச்ச கையெழுத்து இதுக்குச் செல்லாது, வேற ஆளைப் பிடிக்கலாம். இப்போதைக்கு ரீச்சர் வைச்சால் காணும். ஆனால் ரெண்டு நிபந்தனை. கடன் எடுத்தால் கல்லை எடுக்கவோ அடைக்கவோ ஏலாது. ஒழுங்கைப் பக்கம் ஒரு பலகை போட வேணும். அதிலை இந்த வசனம் அப்பிடியே வர வேணும்."

"அவ அடைச்ச சீமெந்து?" என்றார் குகதாசன். "அதைத் திருப்பிப் போட ஏலாதோ?"

"அது பிறகு வந்ததெல்லோ ஐயா. மூலக் கட்டடத்திலை இல்லை. பிறகு வந்ததை நாங்கள் கணக்கிலை எடுக்கிறேல்லை."

ஒழுங்கையால் போகிற ஒவ்வொருவரும் வாசிப்பார்கள். கஜந்தினி படத்தில் பார்த்துவிட்டு அழுவாள், அம்மம்மாவின் வீட்டை ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்பாள். இராசநாயகம் கோயிலில் முகத்தைத் திருப்புவார். இதெல்லாம் அவருடைய தலைக்குள் வரிசையாக வந்தன. ஆனால் அவற்றுக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால், வேறொன்று வந்துவிட்டது. அறுபத்திரண்டு. ஆவணிக்குள் காசு கையில் கிடைத்தால் புரட்டாதியில் ஓடு இறக்கலாம். இரண்டு கைமரத்தையும் மாற்றி, ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த அறைக்குக் கூரை போட்டுவிடலாம். அந்தச் சந்தோசம் கழுத்துக்கு மேலே ஏறி முகத்தில் விரிந்ததை அவரால் தடுக்க முடியவில்லை. சற்று முன்னால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துச் சொன்ன உண்மைக்கும் அலுவலகத்தில் எட்டுப் புள்ளி இருக்கிறது என்று தெரிந்தவுடன், அந்த ஒரு நிமிடத்து இலேசும் அவரிடமிருந்து போய்விட்டது.

தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அதற்கு முன்னாலேயே பொன்மலர் ரீச்சர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்தார் என்பது குகதாசனுக்குத் தெரிந்தது.

ரீச்சர் கிழக்குப் பக்கத்து அறையின் திறந்த கதவை, உள்ளே சுவரோரமாக இன்னும் கவிழ்த்து வைத்திருந்த வாளிகளை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"பேனையைத் தாங்கோ," என்றார்.